பார்க்கை ஒட்டி ஹோட்டல்: முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பேரூராட்சியில குடியிருக்கேன், வீட்லயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைச்சுக் குடுக்குறேன், பேப்பருக்கு இதுவரை ஒரு வரி எழுதுனதில்ல. எங்க தெருவுல உள்ள பார்க்கை ஒட்டி ஒரு ஹோட்டல் வரப்போகுது, பிளான் அப்ரூவலுக்கு மனு போயிருக்கு, ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம்னு ஆபீஸ் போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, அது எங்களுக்குத் தெரிஞ்சதே எதுத்த வீட்டு அண்ணன் வீட்டு வரி கட்டப் போன இடத்துல தற்செயலா கண்ணுல பட்டதாலதான். ஊரு பேரை வேணும்னேதான் எழுதாம விடுறேன், கவுன்சில்ல இன்னும் முடிவாகல, யாரையும் குத்தம் சொல்லணும்னும் எழுதல. முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் சாயங்காலம் அந்த பார்க்ல வந்து நின்னு பாருங்க, அதுக்கப்புறம் கையெழுத்து போடுங்க, இதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு ஹோட்டல் மேல விரோதம் கிடையாது. எங்க வீட்டுக்காரரு 22 வருஷம் பரோட்டா மாஸ்டரா நின்னவரு. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்னு மாறி மாறி கல்லு முன்னாடி வேர்த்து ஊத்த நின்னுதான் எங்க ரெண்டு பிள்ளையளையும் படிக்க வச்சாரு, இப்ப முட்டு வலி வந்து வீட்ல இருக்காரு. ஒரு ஹோட்டல் தெறந்தா சரக்கு மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் வெளக்குற ஆளுன்னு எத்தனை வீட்ல அடுப்பு எரியும்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால இந்தம்மா வளர்ச்சிக்கு எதிரா எழுதுதுன்னு யாரும் நினைச்சிரக் கூடாது. நோட்டீஸ் விஷயத்தை அவருகிட்ட சொன்னப்ப அவரு கேட்ட மொத கேள்வியே, "கழுவுற தண்ணி எங்க போவுதாம்?"

எனக்கு அப்ப புரியல, அப்புறம்தான் உக்காந்து விளக்கிச் சொன்னாரு. ஹோட்டல் கழிவுத் தண்ணி வீட்டுத் தண்ணி மாதிரி கிடையாது. சால்னா பாத்திரம் கழுவுனது, கறி கழுவுனது, கல்லுல இருந்து சொரண்டுன எண்ணெய், மைதா மாவு, எச்சி இலையில இருந்து வடியுறது எல்லாம் ஒண்ணாச் சேந்து, சூடா இருக்கும்போது நல்லா ஓடும், ஓடையில போயி ஆறுனதும் மெழுகு மாதிரி ஒட்டிக்கிடும், அது மேல மண்ணும் பிளாஸ்டிக் கவரும் பிடிச்சு கொஞ்ச நாள்ல ஓடையே அடைச்சிரும். அதைத் தடுக்கத்தான் கிரீஸ் டிராப்னு ஒரு தொட்டி கட்டுறது, உள்ள குறுக்க தடுப்பு வச்சிருப்பாங்க, தண்ணி அதுல கொஞ்ச நேரம் நிக்கும், எண்ணெய் மேல மிதந்துரும், அடியில உள்ள தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போவும். தொட்டி கட்டுறது பெரிய செலவு இல்ல, ஆனா மேல மிதக்குறதை விடாம வழிச்சு எடுக்கணும், அந்த நாத்தத்துல நின்னு அதைச் செய்ய ஆளு நிக்காது, அதனால பல கடையில தொட்டி இருந்தும் இல்லாத கதைதான்னாரு. பிளான்ல அந்தத் தொட்டிய வரைஞ்சிருக்காங்களான்னு பாக்கணும், அதை யாரு, எத்தனை நாளைக்கு ஒருக்கா வழிப்பாங்கன்னு எழுதி வாங்கணும்னு சொன்னாரு.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெருசாத் தெரியுதுன்னா ஒரு காரணம் இருக்கு. நாங்க முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால ஒரு ஹோட்டல், பேரு வேண்டாம். அவங்க தண்ணிய ஒரு உறிஞ்சு குழியிலதான் விட்டுட்டு இருந்தாங்க. ஒரு நாள் காலையில கிணத்துல வாளிய இறக்கி எடுத்தா தண்ணி மேல வானவில் கலர்ல ஒரு ஏடு மிதக்கு. வாளி விளிம்புல விரல வச்சா வழுக்குது. மோந்து பாத்தேன், பழைய சால்னா வாசம். அந்தத் தண்ணியில ஊறப் போட்டிருந்த இட்லி அரிசிய அப்படியே தென்னை மூட்டுல கொட்டுனேன், அதுக்கப்புறம் அந்த வீட்டைக் காலி பண்ணுற வரை ரெண்டு குடத்தோட அடுத்த தெருவுக்கு நடந்தேன். எங்க மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு கிணறு இருக்குறது சாதாரணம், இப்ப உள்ள தெருவுலயும் அப்படித்தான், குழாய்ல தண்ணி வராத நாள்ல எல்லாருக்கும் அந்தக் கிணறுதான். பாதாள சாக்கடை எங்க தெருப்பக்கம் வரல. உள்ளது ஒரே ஒரு சின்ன ஓடை, அது பார்க் காம்பவுண்டை ஒட்டியே போயி சானல் வாய்க்கால்ல விழுது. எங்களுக்கு தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, வருஷத்துல ரெண்டு தடவை அந்த ஓடை நெறஞ்சு தெருவுல ஏறும், மழைத் தண்ணி மட்டும் ஏறுனா ஒரு நாள்ல வடிஞ்சிரும், அதோட எண்ணெய்த் தண்ணியும் ஏறுனா பிள்ளைய வெளையாடுற மண்ணு என்ன ஆவும்?

இனி பார்க்கைப் பத்தி. பெரிய பார்க் ஒண்ணும் கிடையாது, ஒரு 30 சென்ட் இருக்கும். ஒரு காலத்துல நாலு ஏக்கர் கிட்ட உள்ள தென்னந்தோப்பு, அதை மனை போட்டு வித்தப்ப பொது உபயோகத்துக்குன்னு தானமா எழுதிக் குடுத்த எடம். இப்ப உள்ள விதியும் அதுதான், 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தை திறந்தவெளியா விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்தே ஆகணும். அந்த 10 சதவீதத்தை மனை போட்டவரு சும்மா குடுத்ததா எல்லாரும் பேசுறாங்க, அப்படி இல்ல, விக்க முடியாத அந்த எடத்துக்கும் சேத்துத்தான் மனைக்கு வெலை வச்சிருப்பாரு, அந்தக் காசு இங்க மனை வாங்குன ஒவ்வொரு வீடும் குடுத்தது. எங்க மாமா வாங்குன பத்திரத்துல வடக்கு எல்லை "பூங்கா"ன்னே எழுதியிருக்கு. அது எங்க சொத்து இல்லதான், பேரூராட்சி சொத்து. ஆனா எங்களுக்காக வச்சிருக்குற சொத்து.

அங்கன என்ன இருக்குன்னு கேட்டா, ஒரு சறுக்கு, ரெண்டு ஊஞ்சல், அதுல ஒண்ணுக்குச் சங்கிலி அறுந்து கயிறு கட்டியிருக்கு, நாலு சிமெண்ட் பெஞ்சு, மேக்கு மூலையில ஒரு அயனி மரம். ஒக்கி புயல் அடிச்சப்ப, 2017 நவம்பர் 30, பார்க்ல நின்ன மத்த மரம் எல்லாம் வேரோட சாஞ்சுச்சு, இந்த அயனி மட்டும் கொப்பு ஒடிஞ்சு நின்னுச்சு. அதுக்கப்புறம் கரண்ட் இல்லாம கெடந்த ராத்திரிகள்ல தெருவே அந்த மரத்தடியிலதான் பாய விரிச்சு உக்காந்திருந்தோம், யாரு வீட்ல கஞ்சி இருந்தாலும் அங்க வந்துரும். என் மாமிக்கு இப்ப 78 வயசு, இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, தெருவுல பைக்குப் பயந்து நடக்க மாட்டாங்க. தினம் அஞ்சு மணிக்கு நான் மெஷினை நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போவேன், ஒரு கையி என் தோள்ல, இன்னொரு கையி பெஞ்சு முதுகுல, ஒரு பெஞ்சுல இருந்து அடுத்த பெஞ்சுக்கு 14 அடி எடுத்து வைப்பாங்க, எண்ணிக்கிட்டே நடப்பாங்க. போன ஞாயித்துக்கிழமை நான் ஒரு நோட்டு கொண்டு போயி வந்த ஆளை எண்ணுனேன், இருட்டுறதுக்குள்ள அறுபதைத் தாண்டுச்சு, பாதிக்கு மேல சின்னப் பிள்ளைய. சைக்கிள் பழகுற பொம்பளப் பிள்ளைய மட்டும் ஏழு பேரு.

குமரி மாவட்டத்துல எடம் எவ்வளவு நெருக்கம்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. 2011 கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேரு. வீட்டுக்கு முற்றம் இருந்த காலம் போச்சு, உள்ள முற்றத்துலயும் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டாச்சு. அந்த 30 சென்ட்தான் இப்ப எங்க எல்லாருக்கும் முற்றம்.

ஹோட்டல் வர்ற மனை பார்க்குக்கு நேர் மேக்க இருக்கு. இது சின்ன விஷயமாத் தெரியலாம், ஆனா எங்க ஊர்ல எதுவும் கட்டுறதுக்கு முன்னாடி காத்தைத்தான் பாக்கணும். ஆனி ஆடியில மேல்காத்து எப்படி அடிக்கும்னு முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடியைப் பாத்தவங்களுக்குத் தெரியும். மாசக் கணக்குல மேக்க இருந்து கிழக்கதான் காத்து. அடுப்புப் புகையும் மிளகாப் பொடி நெடியும் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியா சுவத்துல ஓட்டை போட்டு வெளிய தள்ளுனா நேரா ஊஞ்சல் மேலதான் வரும். அதே புகையைக் குழாய் வச்சு மாடிக்கு மேல உயரமாக் கொண்டு போயி விட்டா கீழ நிக்குறவங்களுக்குத் தெரியாது. செலவு கொஞ்சம் கூடும். கட்டுறதுக்கு முன்னாடி சொன்னா செய்வாங்க, கட்டி முடிச்ச பிறகு யாரு சுவத்தை ஒடைப்பாங்க? எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்குறதுக்கும் அந்த 22 வருஷத்துப் புகைதான் காரணம்னு நான் நம்புறேன்.

பள்ளிக்கூட டீச்சரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அக்கா எங்க தெருவுல இருக்காங்க, அவங்க போயி பிளானைப் பாக்கணும்னு கேட்டாங்க, எழுதிக் குடுங்கன்னாங்க, 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டாச்சு, பதில் வர 30 நாள் ஆகலாம், அதுக்குள்ள ஆட்சேபணைக்குக் குடுத்த நாள் முடிஞ்சிரும். அதுக்குத்தான் கேக்குறேன், பார்க் பக்கத்துல வர்ற ஒரு கட்டடத்தோட பிளானை அந்த பார்க் கேட்லயே ஒரு பிளெக்ஸ்ல ஒட்டி வச்சா என்ன? கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாத்துக்கும் தெருவுக்குத் தெரு பிளெக்ஸ் வைக்குறோம். ஆபீஸ்ல தெரிஞ்ச ஒருத்தர் மூலமா நாங்க கேட்டறிஞ்ச வரை பிளான்ல பார்க் பக்கம் ஒரு கேட் காட்டியிருக்கு, அந்தப் பக்கம் கண்ணாடி போட்டு "பார்க் வியூ" மாதிரி டேபிள் போடப் போறாங்கன்னு பேச்சு. பேச்சுதான், காயிதத்துல பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா அது நிஜம்னா எனக்கு இருக்குற பெரிய கவலையே அந்த கேட்தான்.

ஏன்னா அந்த மனை பட்டா நிலம், அதுல ஹோட்டல் கட்ட அவங்களுக்கு உரிமை இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா பார்க் பக்கம் ஒரு கேட் தெறந்துட்டா பார்க் ஹோட்டலோட முன்வாசலா ஆயிரும். மொதல்ல நாலு சேர் வெளிய வரும். அப்புறம் பிறந்தநாள் பார்ட்டிக்குப் பந்தல் வரும். காத்திருக்குறவங்க பெஞ்சுல உக்காருவாங்க, சாப்ட்டு முடிச்சவங்க சிகரெட் பிடிக்க அயனி மரத்தடிக்கு வருவாங்க, மாமி அங்க நடக்க மாட்டாங்க, பொம்பளப் பிள்ளைய சைக்கிளை எடுத்துட்டு வீட்டுக்குள்ள போயிரும். யாரும் பார்க்கை எடுத்துக்கிட்டதா ஒரு காயிதமும் இருக்காது. ஆனா பார்க் போயிருக்கும். நம்ம தமிழ்நாட்டுல பார்க், விளையாட்டுத் திடல், திறந்தவெளி எல்லாத்தையும் பாதுகாக்கணும்னு 1959லயே தனிச் சட்டம் இருக்கு. பெங்களூருல பார்க்குக்குன்னு ஒதுக்குன எடத்தை ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் குடுத்தப்ப தெருவுல உள்ளவங்களே வழக்குப் போட்டு 1991ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி ஜெயிச்சிருக்காங்க, பார்க் எடம் பார்க்காவே இருக்கணும்னு தீர்ப்பு. எங்க விஷயம் அப்படியே அது இல்லதான், இங்க பார்க் எடத்தை யாரும் கேக்கல. ஆனா நோயாளியைப் பாக்குற எடத்துக்கே பார்க்கை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன நாட்டுல, சாப்பாட்டுக் கடைக்கு வழி விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கணும் இல்லையா. அந்தப் பக்கம் கேட்டும் வேண்டாம், கதவும் வேண்டாம், முழு உயரத்துக்குச் சுவர் இருக்கட்டும், வாசல் மெயின் ரோட்டுப் பக்கம் வச்சுக்கிடட்டும், இதுல மட்டும் விட்டுக் குடுக்க எனக்கு மனசில்ல.

வண்டி விஷயமும் உண்டு. பார்க் ரோடு 20 அடிதான். ஸ்கூல் வேன் நின்னா பின்னால வர்ற ஆட்டோ காத்து நிக்கணும். 2019ல வந்த கட்டட விதியில ஹோட்டல்னா இத்தனை பரப்புக்கு இத்தனை வண்டின்னு பார்க்கிங் கணக்கு இருக்கு, அதை அவங்க எடத்துலயே காட்டணும். காயிதத்துல காட்டிட்டு அந்த எடத்துலயே பிறகு ஷெட் போட்டு பரோட்டா கல்லை வச்சிருவாங்க, அதை எங்க மாவட்டத்துல பாக்காதவங்க யாரும் இல்ல. திறப்பு விழா அன்னைக்கு வந்து பாக்குறதோட நிறுத்தாம ஆறு மாசம் கழிச்சும் வந்து பாக்கணும்.

இதுல எனக்குப் பிடிபட்ட இன்னொரு விஷயம், யாருக்கும் முழுப்படம் தெரியாது. பிளானைப் பாக்குறவங்க சுவர், உயரம், பக்கத்துல விட்ட எடம் பாப்பாங்க. உணவுப் பாதுகாப்புத் துறையில இருந்து வர்றவங்க அடுப்படி சுத்தத்தைப் பாப்பாங்க. தீயணைப்புல உள்ளவங்க சிலிண்டரைப் பாப்பாங்க, 19 கிலோ சிலிண்டர் எத்தனை அடுக்குறாங்க, அது பார்க் சுவத்தை ஒட்டியான்னு அவங்கதான் கேக்கணும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலைய ஒழுங்காச் செஞ்சாலும் பார்க்ல நிக்குற ஒரு பிள்ளைக்கு என்ன ஆவும்னு பாக்குறதுக்குன்னு ஒரு காயிதமும் இல்ல. அதைச் சொல்ல வேண்டியது அங்க தினம் நிக்குற நாங்கதான், எங்ககிட்ட கேட்டாத்தானே சொல்ல முடியும்.

கிராம ஊராட்சியா இருந்தா கிராம சபைன்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு ஆறு நாளு எந்திரிச்சு நின்னு கேக்கலாம். எங்க மாவட்டத்துல அம்பது பேரூராட்சி கிட்ட இருக்கு, ஜனங்க பாதிக்கு மேல பேரூராட்சியிலயும் நகராட்சியிலயும்தான் குடியிருக்காங்க, எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமலே இருந்துச்சு. 2022ல எங்களை மாதிரி ஊருலயும் ஜனங்க கூடிப் பேசுறதுக்குப் பகுதி சபை, வார்டு கமிட்டின்னு விதி கொண்டு வந்தாங்க, நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு அறிவிச்சாங்க. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட இணைஞ்சதும் 1956ல அதே நவம்பர் 1தான், எங்க மாமா உயிரோட இருந்த வரை அந்த நாளைப் பெருமையாச் சொல்லுவாரு, நம்ம பேச்சை நம்ம பாஷையில கேக்குற அரசாங்கம் வேணும்னு எத்தனை பேரு அடி வாங்குனாங்கன்னு. அவரு கேட்டது அதுதான், இப்ப நாங்க கேக்குறதும் அதுதான்.

தெருவுல எல்லாரும் என் மாதிரியே நினைக்கல, அதையும் சொல்லணும். எடத்துக்கு வெலை ஏறும்னு சொல்றவங்க இருக்காங்க. ராத்திரி வெளிச்சம் இருந்தா நல்லதுதானேன்னு ஒரு மைனி கேட்டாங்க, அதுல நியாயம் இருக்கு, பார்க் லைட்டு எரிஞ்சே நாளாச்சு. ஆனா லைட்டு வேணும்னா லைட்டு போடச் சொல்லிக் கேப்போம். ராத்திரி 10 மணிக்கு மேல குடியிருப்புப் பகுதியில சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு 2000த்துல போட்ட விதி சொல்லுது. கொத்துப் பரோட்டா போடுற கல்லுச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எனக்கு அது எங்க வீட்டுக்குச் சோறு போட்ட சத்தம். ஆனா பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் படிக்குற பிள்ளைக்கு ஜன்னலுக்குப் பக்கத்துல ராத்திரி 11 மணிக்கு அது கேக்கக் கூடாது. 10 மணிக்குக் கல்லை நிறுத்தணும்னு லைசென்ஸ்லயே எழுதிக் குடுத்துட்டா ரெண்டு பக்கமும் சண்டை இல்ல.

கவுன்சில் கூட்டம் எப்ப வச்சாலும் காலையில 11 மணிக்கு ஆபீஸ் ஹால்ல வைப்பாங்க. அந்த நேரம் எங்க தெருவுல ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, பொம்பளைங்க அண்டிப்பருப்பு ஃபேக்டரிக்கும் கடைக்கும் போயிருப்பாங்க, பிள்ளைய பள்ளிக்கூடத்துல இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எங்க வார்டு கவுன்சிலரும் ஆபீஸ்ல உள்ளவங்களும் அந்த பிளானைக் கையில எடுத்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பார்க்குக்கே வந்துருங்க. பெஞ்சைத் தொடச்சு, தரையை வாரியல் போட்டுக் கூட்டி, எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டு வைக்குறது எங்க பொறுப்பு. ஹோட்டல் கட்டப் போற தம்பியும் கண்டிப்பா வரணும், அவருகிட்ட எங்க வீட்டுக்காரரு அந்த எண்ணெய்த் தொட்டிய எந்த எடத்துல தோண்டுனா வழிக்க லேசா இருக்கும்னு நேர்லயே காட்டிக் குடுப்பாரு.

இப்படிக்கு,
பார்க் தெரு தையல்கார அக்கா,
கன்னியாகுமரி மாவட்டம்.